வணக்கத்துக்குப் பிறகு தண்ணீர்

அவளுடைய செய்தியில் ஒரு வணக்கம்கூடக் கிடையாது. "நாளைக்குக் காலைல பவர் கட். மதியம் வரைக்கும். லிஃப்ட்ல ஏறாதீங்க." அவ்வளவுதான். வயதில் மூத்தவர்களும் படிப்பார்களே என்ற நினைப்பு கொஞ்சமும் இல்லாமல், செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் நுழைவதுபோல ஒரு செய்தி. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், இதயங்கள், "தேங்க்ஸ் மா", "சூப்பர் சிஸ்டர்". அதே மின்தடையைப் பற்றி முந்தின நாள் சாயங்காலமே நான் போட்ட செய்திக்குக் கீழே ஒரே ஒரு கும்பிடு இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

நான் மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், பஸ் நுழையாத ஒரு தெருவில் குடியிருக்கிறேன். லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு வைத்ததிலிருந்து ஆட்டோக்காரர்கள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அரசாங்க அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. மேலதிகாரி இரண்டு வார்த்தை சொல்வார், நான் அதை ஒரு பக்கமாக்கிக் கொடுப்பேன். "உமக்குத்தான்யா தமிழ் வருது" என்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தமிழை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சில மாதங்கள் வீட்டில் சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு பெருமழை வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனைக்குப் போய், மின்சாரப் பெட்டிக்கு அருகில் நின்றிருந்த ஊழியர்களிடம் விசாரித்து வந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் எழுதிப் போட்டேன். மழை விட்டதும் அதுவே ஒரு வாட்ஸ்அப் குழு ஆகிவிட்டது. எங்கள் தெருவும் அக்கம்பக்கத்துத் தெருக்களும் அதில் இருந்தன. குழாய்த் தண்ணீர் எப்போது விடுவார்கள், கொசுமருந்துப் புகை வண்டி என்றைக்கு வரும், எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், சொத்து வரி முகாம் எங்கே, பங்குனித் தேருக்கு எந்தப் பக்கம் வண்டி விட மாட்டார்கள் என்று எல்லாவற்றையும் நான் எழுதுவேன். காலையில் பால் வாங்கப் போனால் முனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "சார், இன்னிக்குத் தண்ணி உண்டா?" என்று கேட்பார். காய்கறி வண்டிக்காரம்மா கேட்பார். மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் மேலிருந்தே கேட்பார்கள். அலுவலகத்தில் இருந்தவரையில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே ஒரு தெருவே கேட்டது. அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் செய்திக்கு ஒரு முறை உண்டு. "மதிப்பிற்குரிய குடியிருப்போர் அனைவருக்கும் பணிவான காலை வணக்கம்" என்று தொடங்கும். அடுத்து நாள், கிழமை, திதி, நல்ல நேரம், ராகு காலம். அதன் பிறகு வானிலை பற்றி இரண்டு வரி. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாகக் கொடுக்கும்படி ஒரு நினைவூட்டல். பொது அமைதி காத்து ஒத்துழைக்கும் பண்புக்கு ஒரு நன்றி. அப்புறம் "நிற்க" என்று ஒரு வார்த்தை. நிற்கவுக்குக் கீழேதான் விஷயம் வரும். கடிதம் என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எடுத்த எடுப்பில் "தண்ணீர் வராது" என்று ஆரம்பித்தால் அது என்ன மரியாதை?

"உங்க 'நிற்க' வர்றதுக்குள்ள எனக்குக் கால் வலிக்குது" என்பாள் என் மனைவி. அவளுக்கு எப்போதும் என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது.

அந்தப் பெண் எங்கள் பின்தெருவுக்கு வாடகைக்கு வந்தவள். மதுரைப் பக்கம். முப்பது வயது இருக்கலாம். ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். வந்த புதிதில் என் குழுவில்தான் சேர்ந்தாள். சேர்த்துவிட்டவனும் நானேதான். கொஞ்ச நாள் கழித்து எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: "சார், நீங்க போடுற விஷயம்லாம் ரொம்ப உபயோகமா இருக்கு. 'நிற்க'வுக்குப் பின்னாடி இருக்கத மட்டும் மேல போட்டீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்ல?"

நான் அவளுக்குப் பணிவான வணக்கத்தில் தொடங்கி, தமிழ்க் கடித மரபு, பொது அறிவிப்பின் கண்ணியம், அவசரம் என்பது இக்காலத்தின் நோய் என்றெல்லாம் விளக்கி ஒரு பதில் எழுதினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, "பதில் போட்டீங்களா, தீர்ப்பு எழுதினீங்களா?" என்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் தனிக் குழு ஒன்று தொடங்கினாள். அதில் சேருவதற்கான லிங்க்கை என் குழுவிலேயே போட்டாள். "இதுல அவசரச் செய்தி மட்டும்தான் வரும். விரிவா தெரிஞ்சுக்கணும்னா சாரோட குழுவையே பாருங்க" என்று அதன் கீழே எழுதியிருந்தாள். அந்த "விரிவா" என்ற சொல்லை நான் பல முறை படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு என் குழுவில் ஒவ்வொருவராக வெளியேற ஆரம்பித்தார்கள். யாராவது வெளியேறினால் நடுவில் சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு வருமே, அதைப் பார்த்திருப்பீர்கள். என் வாழ்நாளில் நான் படித்தவற்றிலேயே மோசமான வாசகம் அதுதான். பல்வலிக்கு நான் கிராம்பு கொண்டுபோய்க் கொடுத்த மனிதர் வெளியேறினார். மழையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்த வீட்டார் குடும்பத்தோடு வெளியேறினார்கள். வெளியேறாதவர்கள் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மனைவி என் குழுவில் இருந்துகொண்டே அந்தப் பெண்ணின் குழுவிலும் சேர்ந்தாள்.

"வீட்டுக்குள்ளேயே துரோகமா?" என்று கேட்டேன்.

"அவ மெசேஜைத் தோசை திருப்பிக்கிட்டே படிச்சிடலாம்ங்க. உங்களுதுக்குக் கண்ணாடி தேடணும்."

மனைவி குளிக்கப் போகும் நேரத்தில் அவளுடைய போனை எடுத்து அந்தக் குழுவைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கேயாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று தேடுவேன். ஒரு முறை கிடைத்தது. மின்தடை வியாழக்கிழமை என்று போடுவதற்குப் பதில் புதன் என்று போட்டுவிட்டாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வழக்கத்தைவிட ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். நான் சரியான கிழமையைத்தான் போட்டிருந்தேன், நிற்கவுக்குக் கீழே. மத்தியானம் அவள் எழுதினாள்: "தப்பா போட்டுட்டேன். ஸாரி. பவர் கட் நாளைக்குத்தான்." உடனே கீழே குவிந்தது பாருங்கள்: "பரவால்ல மா", "இப்படி ஒத்துக்கற மனசு யாருக்கு வரும்?" சரியாகச் சொன்னவனை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தப்பாகச் சொன்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் போனை மனைவியின் தலையணைக்கு அடியில் திரும்ப வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன்.

வெளியே போனாலும் அவள்தான். இஸ்திரிக்காரரிடம் ஒரு நாள் நானாகவே, "நாளைக்குத் தெருவுல வண்டி நிறுத்தாதீங்க, வடிகாலுக்குத் தோண்டறாங்க" என்று சொன்னேன். அவர் பெட்டியை நிறுத்தாமலே சொன்னார்.

"இன்னா சார், நேத்தே அந்தப் பாப்பா போட்டுச்சே. வீடியோவே கீது. பாக்கலியா நீங்க?"

வார்டு மக்களுக்கான ஏரியா சபைக் கூட்டம் ஒன்று நடந்தது. நான் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்குக் குறிப்புகளெல்லாம் மனதில் தயார். உதவிப் பொறியாளர் உள்ளே வந்தவர் என்னைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போய், "மேடம், நீங்க போட்ட வீடியோவை எங்க பெரிய சாரே பாத்துட்டார். பள்ளத்தை மூடியாச்சு" என்றார். அவள் எழுந்து நின்று, "ரொம்ப நன்றி சார். அந்தப் பள்ளத்தை முதல்ல சொன்னது இவங்கதான்" என்று என்னைக் கை காட்டினாள். உண்மைதான், நான்தான் முதலில் சொன்னேன். பொறியாளர் திரும்பி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் பிச்சை போட்டு நான் வாங்கிக்கொண்டது போல இருந்தது. அவள் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அந்தச் சௌகரியத்தையும் அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் எனக்கென்று ஒருவர் மிச்சம் இருந்தார். தெருக்கோடியில் சொந்த வீட்டில் இருக்கும் அம்மாள். கணவர் காலமாகிவிட்டார், ஒரே பெண் கல்யாணமாகி வேளச்சேரியில் இருக்கிறாள். என் செய்திக்குத் தினமும் தவறாமல் ஒரு கும்பிடு போடுகிறவர் அவர்தான். நான் முதலில் சொன்னேனே, அந்த ஒற்றைக் கும்பிடு, அது அவருடையது. அந்தப் பெண்ணின் குழுவில் அவர் சேரவில்லை. "எனக்கெதுக்கு சார் இன்னொண்ணு? நீங்கோதான் எல்லாம் போட்டுடறேளே" என்பார். தெருவில் எல்லாரும் போனாலும் இவர் ஒருவர் இருந்தால் போதும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், இவரும் போய்விட்டால் எனக்கு எழுதுவதற்கு ஆளே இல்லை. காலையில் போனைக் கையில் எடுக்கும்போதே அந்தப் பயம் கூடவே வரும்.

போன மாசியில் ஒரு நாள் அவர் கோயிலிலிருந்து வரும் வழியில் என்னை நிறுத்தினார்.

"சார், வெள்ளிக்கெழமை பொண்ணுக்கு வளைகாப்பு. ஆத்துலயே பண்றோம். சமையலுக்கு ஆள் வரா. அன்னிக்குத் தண்ணி வருமோன்னோ? சம்ப்புல அடியிலதான் கெடக்கு. லாரித் தண்ணி எனக்குப் பிடிக்காது."

"வரும்மா. நான் பாத்துக்கறேன். வந்த நிமிஷம் செய்தி போடறேன். நீங்க அதைப் பாத்துட்டு வால்வைத் திறந்தா போதும்."

"நீங்கோ சொன்னா சரியா இருக்கும்."

அந்தச் சொல் என் காதில் இரண்டு நாள் இருந்தது. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவரைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். முன்பெல்லாம் அவர் எனக்குத்தான் முதலில் சொல்வார். இப்போது அந்தப் பெண்ணிடமும் சொல்கிறார், அதுவும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல்.

"வெள்ளிக்கெழம வெள்ளனவே வுட்டுடுவேன் சார். லைன்லாம் ரெடியா கீது" என்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நான் கீழே இறங்கி எங்கள் அடுக்ககத்தின் நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த வால்வின் பொறுப்பு என்னுடையது. எங்கள் பக்கத்தில் யாருமே குழாய்த் தண்ணீரை நேராகச் சம்ப்புக்குள் விட மாட்டார்கள். முதலில் ஒரு பக்கெட்டில் பிடிப்போம், நிறம் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அக்கம்பக்கத்தில் போகின்றன. யார் எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒன்று உடையும். அதுவும் அப்போது வடிகாலுக்காக ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் தெருமுனையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாதா? நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்!

குழாயில் காற்று சீறியது, தண்ணீர் வந்தது. பக்கெட் என் காலடியில்தான் இருந்தது. ஆனால் என் கண் பின்தெருப் பக்கம் இருந்தது. அவளும் இந்நேரம் எழுந்திருப்பாள், இரண்டு வார்த்தை தட்டினால் அவள் முந்திக்கொள்வாள் என்ற நினைப்புத்தான். வால்வைத் திருகித் திறந்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து, இரவே தயார் செய்து வைத்திருந்த செய்தியை எடுத்தேன். வணக்கம், திதி, நல்ல நேரம், வானிலை, குப்பை, நன்றி எல்லாம் இருந்தன. நிற்கவுக்குக் கீழே, "குடிநீர் நல்ல அழுத்தத்துடன் வந்துகொண்டிருக்கிறது. அனைவரும் வால்வைத் திறந்து நிரப்பிக்கொள்ளவும்" என்று சேர்த்து அனுப்பினேன்.

மனைவியின் போனை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் குழுவில் ஒன்றும் இல்லை. நான் முந்திவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் முந்திவிட்டேன்! தெருக்கோடி அம்மாளின் கும்பிடு வந்தது. காலைக் காப்பி அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை.

காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நாற்றம் மேலே ஏறி வந்தது.

கீழே ஓடினேன். சம்ப்பு மூடியைத் தூக்கினால் கறுப்பாக நுரைத்துக்கொண்டிருந்தது. வால்வை மூடினேன். உடனே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். புதிதாகத் தட்ட நேரமில்லை, விரலும் ஒத்துழைக்கவில்லை. முன்பு அனுப்பிய செய்தியையே நகலெடுத்து, அடியில் இருந்ததை மட்டும் அழித்துவிட்டு, "குடிநீரில் கழிவுநீர் கலந்துள்ளது. தயவுசெய்து வால்வைத் திறக்க வேண்டாம். திறந்திருந்தால் மோட்டார் போட வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். வணக்கத்தை எடுக்கவில்லை. அப்படி ஒரு செய்தியை வணக்கம் இல்லாமல் அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தெருக்கோடி அம்மாளின் கும்பிடு வந்தது. அப்பாடா, பார்த்துவிட்டார் என்று நினைத்து, சம்ப்பை இறைக்க ஆள் தேடப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது மனைவி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அந்தப் பெண்ணின் செய்தி. "வால்வைத் திறக்காதீங்க. தண்ணில சாக்கடை கலந்திருக்கு. திறந்திருந்தா மோட்டார் போடாதீங்க." மூன்று வரி. கீழே எல்லாரும் நன்றி சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதும் இதேதான். அதுவும் அவளுக்கு முன்பே சொன்னேன். அந்த நிமிஷத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான், சம்ப்பு அப்புறம்தான்.

"கோடி வீட்டம்மா இதுல இல்லையே" என்றாள் மனைவி.

"அவங்க நம்ம குழுவுலயே பாத்துட்டாங்க. கும்பிடு வந்துடுச்சு."

மனைவி என் செய்தியைத் தன் போனில் திறந்து காட்டினாள். பணிவான காலை வணக்கம் இருந்தது. திதி இருந்தது. ராகு காலம் இருந்தது. குப்பையும் பாதி இருந்தது. அதோடு செய்தி வெட்டுப்பட்டு, அடியில் 'மேலும் படிக்க' என்று நீல எழுத்தில் நின்றது. அதற்கு மேலே இருந்த முந்தின செய்தியும் அச்சு அசல் அதேபோல், அதே இடத்தில் வெட்டுப்பட்டு நின்றது. இரண்டுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் தெரியவில்லை.

நான் செருப்பைப் போட்டேனா என்றுகூட ஞாபகம் இல்லை. தெருக்கோடிக்கு ஓடினேன்.

வாசலில் மாக்கோலம் போட்டிருந்தது. உள்ளே போனதுமே நாற்றம் மூக்கில் அடித்தது. சம்ப்பு நிரம்பி, மோட்டார் போட்டு, மேல்தொட்டிக்கு ஏறி, சமையலறைக் குழாய் வரைக்கும் வந்துவிட்டது. ஊறப்போட்டிருந்த அரிசியை முற்றத்து ஓரத்தில் கொட்டியிருந்தார்கள். சமையல்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கர்ப்பிணிப் பெண் பட்டுப்புடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவள் அதில் ஒரு வாய் குடித்திருந்தால்?

அடுப்படியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பின்தெருக்காரி. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேன்களை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தாள். சமையல்காரர் ஒருவர் தெருவில் வந்து புலம்பியிருக்கிறார், அவள் காதில் விழுந்திருக்கிறது. கேனுக்குச் சொன்னது, குடிநீர் வாரிய டெப்போவுக்குப் போன் செய்தது, லாரிக்கு ஏற்பாடு செய்தது எல்லாம் அவள்தான். என்னைப் பார்த்ததும், "சார், நல்ல நேரத்துல வந்தீங்க. மேல் டேங்க் வால்வு எங்க இருக்குன்னு தெரியல. கொஞ்சம் மூடி விடுறீங்களா?" என்றாள். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. நான் அன்றைக்குச் சொன்னேன்ல என்று ஒரு பார்வைகூட இல்லை. நான் மாடிக்குப் போய் வால்வை மூடினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

கீழே வந்தபோது அம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"ரெண்டு தடவை வணக்கம் வந்தது சார். கை தவறி ரெண்டு தடவை அனுப்பிட்டேள்னு நெனச்சேன். ரெண்டுக்கும் கும்பிட்டுட்டேன்."

"கீழ எழுதியிருந்தேன்மா" என்றேன். எனக்கே அந்தக் குரல் பிடிக்கவில்லை.

"கீழயா?" என்று அவர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டால் திறக்கும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் அவர் கும்பிட்டது என் வணக்கத்துக்குத்தான். தண்ணீர் உண்டா இல்லையா என்பதை என்னைத் தெருவில் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் காலைச் செய்தியைக்கூட, வந்ததும் வால்வைத் திறந்தால் போதும் என்று நான் சொல்லிவைத்ததால், வணக்கத்தைக் கண்டதும் திறந்துவிட்டார்.

வளைகாப்பு நடந்தது. கொஞ்சம் தாமதமாக நடந்தது, அவ்வளவுதான். கேன் தண்ணீரில் சமைத்தார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண்கள் கூட்டத்தில் பின்தெருப் பெண்ணையும் உட்கார வைத்து, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். என்னைச் சாப்பிடச் சொன்னார்கள். நான் சம்ப்பு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அது உண்மையாகவே இருந்தது. அடுக்ககத்துக்காரர்கள் படிக்கட்டில் என்னைப் பார்த்தால் போனைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நான் செய்தி எழுதவில்லை. அதற்கு மறுநாள் எழுதினேன். வணக்கத்தை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன், பழக்கமில்லாத சட்டையைப் போட்டதுபோல் இருந்தது. இரண்டு வரி. அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அவளைப் பார்த்துச் செய்ததாக ஆகிவிடுமே என்று தோன்றியது.

சில நாள் கழித்துச் சாயங்காலம் தெருக்கோடி அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வளைகாப்புக்குச் சாப்பிடாமல் போனேனே என்று ஒரு டப்பாவில் பட்சணம் கொண்டுவந்திருந்தார். கொஞ்ச நேரம் பெண்ணைப் பற்றிப் பேசினார். பிறகு தயங்கித் தயங்கித் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. அந்தப் பொண்ணோட இதுல என்னையும் சேத்து விடுங்கோளேன். எனக்கு இதெல்லாம் பண்ணத் தெரியாது. உங்களை விட்டா யாரைக் கேக்கறது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். முடியாது என்று சொல்லலாமா, தெரியாது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். இரண்டையும் சொல்லியிருப்பேன், அந்த அம்மாள் அவ்வளவு நம்பிக்கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிராவிட்டால்.

மனைவியிடம் லிங்க்கைக் கேட்டேன். இத்தனை வருஷங்களில் முதல் முறையாக ஒரு வார்த்தைகூடக் கிண்டலாகச் சொல்லாமல் அனுப்பினாள். அதை அம்மாளின் போனுக்கு அனுப்பித் திறந்தேன். பச்சைப் பொத்தான் வந்தது. அவர் விரலை வைக்கத் தயங்கினார், எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. நான் அவருக்காக அழுத்தினேன். அவர் சேர்ந்துவிட்டார் என்று நடுவில் சின்ன எழுத்தில் வந்தது.

அம்மாள் திரையைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திரும்பி, "ரொம்ப உபகாரம் சார். இனிமே தண்ணி வருமா வராதான்னு உங்களைத் தெருவுல நிறுத்தித் தொந்தரவு பண்ணவே வேண்டாம்" என்றார்.

தொந்தரவு பண்ணுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.